எரிச்சே போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிசிலித் தீவின் மேற்கு முனையில், த்ராப்பானி துறைமுகத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய ஊர் எரிச்சே. கீழே வெயில் கொளுத்துகிறதே என்று மெல்லிய சட்டையோடு ஏறிவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தப்பு. மேலே கோடையிலும் திடீரென்று மூடுபனி இறங்கும். அதற்கு உள்ளூரில் 'வீனஸின் முத்தம்' என்று பெயர். பெயர் அழகுதான், ஸ்வெட்டர் இல்லாதவருக்கு நடுக்கம்தான் மிச்சம்.

அடுத்தது த்ராப்பானியிலிருந்து மேலே ஏறும் ரோப் கார். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் ஓடாது. ஏறும்போது ஓடியது இறங்கும்போதும் ஓடும் என்று நம்பி, கடைசி பஸ் நேரத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். காரில் வந்தால் எரிச்சேயின் நுழைவாயிலான 'த்ராப்பானி வாசலுக்கு' வெளியிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். உள்ளே சந்துகள் குறுகல். தேய்ந்து வழவழப்பான கல் தரை, ஈரமானால் வழுக்கும். பிடிப்புள்ள ஷூ போதும், சக்கரப் பெட்டி வேண்டாம்.

வீனஸ் கோயில் என்று கேள்விப்பட்டுத் தூண்களைத் தேடி வருகிறவர்கள் ஏமாந்துதான் போகிறார்கள். எலிமியர் (மேற்கு சிசிலியின் பழங்கால மக்கள்), பினீசியர், கிரேக்கர், ரோமர் என்று அடுத்தடுத்து வந்தவர்கள் ஒரே பாறையில் தத்தம் பெயரில் ஒரு தேவியை வணங்கினார்கள். ஆனால் இன்று அங்கே நிற்பது இடைக்காலத்தில் நார்மன்கள் கட்டிய கோட்டை. கோயிலின் மிச்சம் சொற்பமே. தூண்களோடு நிற்கும் கோயில் பார்க்க ஆசையா? அதே எலிமியரின் இன்னொரு ஊரான செஜெஸ்தாவுக்குப் போங்கள். எரிச்சேயில் பார்க்க வேண்டியது ஊரின் வடமேற்குப் பக்கத்து மதில். அடிவரிசைக் கற்களில் பினீசிய எழுத்துகள் செதுக்கியிருக்கும். கடைத்தெருவில் ஏறி இறங்கித் திரும்புகிறவர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

1314-இல் கட்டத் தொடங்கிய பெரிய தேவாலயத்தின் மணிக்கோபுரம் தனியாக நிற்கிறது. வானம் தெளிவாக இருந்தால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்து முதலில் அதில் ஏறுங்கள். உப்பளங்களும் எகாதித் தீவுகளும் தெரியும். அரை மணி தாமதித்தால் பனி மூடிவிடலாம்.

அப்புறம் பலகாரம். கஸ்டர்ட் அடைத்த ஜெனோவேசேயை ஊருக்குக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அது சூடாக அங்கேயே தின்ன வேண்டியது. எடுத்துப்போக, கன்னியர் மடங்களின் கைப்பக்குவத்தில் வளர்ந்த பாதாம் இனிப்புகள் தாங்கும்.