வினிகர் பானம்: முகம் சுளிக்க வைக்கும் தவறுகள்

பழம், சர்க்கரை, வினிகர் மூன்றையும் ஊறவைத்து எடுக்கும் பாகுதான் ஷ்ரப். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் அமெரிக்காவில் குடியேறியவர்கள் பழத்தைக் கெடாமல் வைக்க இப்படிச் செய்தார்கள். அதற்கும் வெகு முன்பிருந்தே ஈரானில் செகஞ்சபின் உண்டு. புதினா மணக்கும் வினிகர்ப் பாகு அது. வெள்ளரிக்காய் துருவிப் போட்டு ஐஸோடு குடிப்பார்கள். செய்வது சுலபம்தான். ஆனாலும் முதல்முறை செய்பவர்கள் பலர், "ஊறுகாய்த் தண்ணி மாதிரி இருக்கு" என்று கொட்டிவிடுகிறார்கள்.

கோளாறு பெரும்பாலும் மளிகைக் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. நூடுல்ஸுக்கு வாங்கும் வெள்ளை வினிகர் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 'சிந்தெடிக்' என்றிருந்தால், அது அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. வெறும் புளிப்புதான், வேறு ருசி எதுவும் வராது. ஃப்ரைடு ரைஸுக்குச் சரி, குடிப்பதற்கு வேண்டாம். புளிக்கவைத்துச் செய்த ஆப்பிள் சிடர் வினிகர் வாங்குங்கள். கோவாவிலும் இலங்கையிலும் செய்யும் தென்னங்கள் வினிகர் கைக்குக் கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

அடுத்தது அவசரம். சீக்கிரம் முடியட்டும் என்று பழத்தை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையையே எடுத்துக்கொள்வோம். வாசனைதான் அதன் சொத்து. கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய், ஜாம் ருசிதான் மிஞ்சும். கால் கிலோ பழத்தைக் கழுவி, ஈரம் துடைத்து, கையால் நசுக்கி, கால் கிலோ சர்க்கரை போட்டு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மிக்ஸி வேண்டாம், விதை அரைபட்டால் கசக்கும். மறுநாள் தோலெல்லாம் சுருங்கி, பாகு கருஞ்சிவப்பாக இறங்கியிருக்கும். அடியில் கொஞ்சம் சர்க்கரை கரையாமல் கிடக்கும். கிளறி, வடிகட்டி, 200 மி.லி. வினிகர் சேருங்கள். அன்றைக்கே குடித்துப் பார்த்தால் நெடி மூக்கில் ஏறும். ஒரு வாரம் ஃபிரிட்ஜில் கிடந்தால் அடங்கிவிடும்.

உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைப் பாதியாக்குவதும் நடக்கிறது. பாகு கெடாமல் நிற்பதில் சர்க்கரைக்கும் பங்கு உண்டு. குறைப்பதாக இருந்தால் கிளாஸில் ஊற்றும் அளவைக் குறையுங்கள்.

பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது, அமிலம் அரித்துவிடும். கண்ணாடி ஜாடிதான் சரி. அதற்கும் தகர மூடி போட்டால் துருப்பிடிக்கும்.

கலக்கும்போது 30 மி.லி. பாகுக்கு 150 மி.லி. சோடா, ஒரு சிட்டிகை உப்பு. காக்டெயிலில் பலர் சறுக்குவது எலுமிச்சையில். ஷ்ரப்பில் புளிப்பும் இனிப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கு மேல் எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் ஊற்றினால் ஜின் எங்கே போனதென்றே தெரியாது. 45 மி.லி. ஜின், 20 மி.லி. ஷ்ரப், ஐஸ் போட்டுக் குலுக்கி வடித்து, சோடாவைக் கடைசியில் ஊற்றுங்கள். சோடாவையும் சேர்த்துக் குலுக்கினால் மூடி பறக்கும், சட்டை நனையும். பால், கிரீம் சேர்ந்த காக்டெயிலுக்கு ஷ்ரப் ஆகாது, திரிந்துவிடும்.

அப்புறம், கொழுப்பு கரையும் என்று வெறும் வயிற்றில் வினிகரை அப்படியே குடிக்கும் பழக்கம். தொண்டையும் வயிறும்தான் எரியும். அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு நீர்த்த பானம்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடித்த கையோடு பல் தேய்க்கவும் வேண்டாம். அமிலம் பட்டு எனாமல் இளகியிருக்கும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, பிரஷ்ஷை அரை மணி நேரம் கழித்து எடுங்கள்.