புது அலுமாரி மணத்துக்குச் சாம்பிராணி வேண்டாம்

மரத்தூளை அமுக்கிச் செய்த புது அலுமாரியைத் திறந்ததும் கண் கரிக்கிறதா? தூளை ஒட்டிய பசையிலிருந்து கசியும் ஃபோர்மல்டிஹைட் என்ற வாயு அது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. சூடும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். திருகோணமலையில் இரண்டுக்கும் பஞ்சமா என்ன!

ஆகவே, வாங்குவதென்றால் கச்சான் என்னும் வெக்கையான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வாங்குங்கள். உடுப்பு வைக்காமல், கதவு, லாச்சி எல்லாம் திறந்தபடி சில வாரம் விறாந்தையில் நிற்கட்டும். வெக்கை மணத்தை வெளியே இழுக்கும், காற்று கொண்டுபோய்விடும். மார்கழி மழைக்கு யன்னல் பூட்டிய அறைக்குள் வைப்பதுதான் மோசம்.

பிறகு, பின்பக்கத்தையும் அடிவிளிம்பையும் தடவிப் பாருங்கள். மேல்தாள் ஒட்டாமல் சொரசொரவென்று இருக்கும். கூடுதலாகக் கசிவது அங்கேதான். அந்த இடங்களுக்கு வார்னிஷ் இரண்டு தரம் பூசினால் குறையும். அதையும் வெளியில் வைத்தே பூசுங்கள், வார்னிஷ் மணமும் லேசுப்பட்டதல்ல.

சாம்பிராணியும் ஏர் ஃபிரெஷ்னரும் மணத்தை மறைக்கும், அவ்வளவுதான். சாம்பிராணியால் புகையும் சேரும். குழந்தை படுக்கும் அறைக்கு வீட்டிலுள்ள பழைய தேக்கு அலுமாரியே போதும்.