பேசும் நாய்ப் படம்: பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே எடுப்பது எப்படி?

சிறுவனும் பேசும் நாயும் சேர்ந்து கலாட்டா செய்கிற படம் ஒன்றைப் பார்த்து முடித்ததும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "நம்மளும் இப்படி ஒண்ணு எடுக்கலாமா?" தாராளமாக எடுக்கலாம். ஒரு போன், ஆட்களோடு பழகிய சாதுவான நாய், இரண்டு மூன்று பிள்ளைகள், ஒரு வார இறுதி போதும். சிறுவர்களுக்குக் குறும்பட வகுப்பு எடுப்பது என் வேலை. நாய்ப் படம் என்று சொல்லிவிட்டால் வாயே திறக்காத பிள்ளைகூட ஐடியா சொல்ல ஆரம்பித்துவிடும்.

வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்றால், முதலில் கதையையும் வசனத்தையும் எழுதிவிட்டு, அப்புறம் அதற்கேற்ப நாயை நடிக்கவைக்கப் பார்க்கிறார்கள். அது நாய் வாலை நிமிர்த்துகிற வேலை. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் நாயைக் கவனியுங்கள், அது தானாகச் செய்வதைப் படமெடுங்கள், வசனத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள். நாய் பேசப்போவது எடிட்டிங்கில்தான். எடுக்கும்போது அது நாயாக இருந்தால் போதும்.

நாயைப் பேசவைக்க இரண்டு வழி உண்டு. 1995-இல் வந்த 'பேப்' படத்தில் பன்றிக்குட்டியும் ஆட்டுமந்தை நாய்களும் கம்ப்யூட்டர் உதவியால் வாயசைத்துப் பேசின. விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குத்தான் போனது. 1993-இல் வந்த 'ஹோம்வர்டு பவுண்ட்' படத்திலோ இரண்டு நாய்களும் ஒரு பூனையும் படம் முழுக்கப் பேசுகின்றன, ஒன்றின் வாயும் அசையாது. மனதில் நினைப்பது குரலாக நமக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். வீட்டில் எடுப்பதற்கு இரண்டாவதுதான் சரி. செலவில்லை என்பது மட்டும் காரணமில்லை. நாயின் காதும் கண்ணும் நெற்றிச் சுருக்கமும் ஏற்கெனவே ஆயிரம் சொல்லும். வாயை ஆட்டிவிட்டால் பார்ப்பவர்கள் வாயை மட்டுமே பார்ப்பார்கள்.

அடுத்து ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். நாய் பேசுவது யாருக்குக் கேட்கிறது? படம் பார்ப்பவர்களுக்கு மட்டுமா, குழந்தைக்குமா, வீட்டில் எல்லாருக்குமா? பிள்ளைகள் "எல்லாருக்கும்" என்றுதான் முதலில் சொல்வார்கள். பொறுமையாகப் பேசி, பார்ப்பவர்களுக்கு மட்டும் என்ற முடிவுக்குக் கொண்டுவாருங்கள். குழந்தை ஒன்று நினைக்க, நாய் வேறொன்று நினைக்க, இரண்டும் நமக்கு மட்டும் தெரிவதில்தான் சிரிப்பு இருக்கிறது. எது முடிவானாலும் நடுவில் மாற்றாதீர்கள். மாற்றினால் பார்க்கிற பொடிசுகள் உடனே கண்டுபிடித்துவிடும்.

இனி கவனிப்பு. கேமராவே இல்லாமல் ஒரு மணி நேரம் நாயோடு உட்காருங்கள். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். வாசலில் சாவிச் சத்தம் கேட்கும்போது நாயை உற்றுப் பாருங்கள்: முதலில் ஒரு காது மட்டும் திரும்பும், அப்புறம் இரண்டாவது காது, அப்புறம் தலை, கடைசியாகத்தான் உடம்பு எழும். அந்த இரண்டு விநாடிக்குள் மூன்று வசனம் வைக்கலாம். "யாரோ." "நம்ம ஆளு." "கையில பை இருக்கு!" இந்த மாதிரி நுணுக்கங்களை எழுதி வைக்கச் சொல்லுங்கள். படுக்கும் முன் வட்டமடிப்பது, வெறும் தட்டை மறுபடி மறுபடி நக்குவது, விசித்திரமான சத்தம் கேட்டால் தலையைச் சாய்ப்பது எல்லாம் அதில் வரட்டும். படத்துக்கான கதை பாதி அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

நாயைப் பற்றிய உண்மைத் தகவல்கள் இங்கே பொன் மாதிரி. நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கஷ்டம். ஆக, புல்தரையில் கிடக்கும் சிவப்புப் பந்தைக் காட்டி "இதோ கண்ணெதிரே இருக்கே!" என்று பையன் கத்த, "எங்கடா இருக்கு?" என்று நாய் அலைவது ஒரு முழுக் காட்சி. இன்னொன்று, செருப்பைக் கடித்துவிட்டுத் திட்டு வாங்கும்போது நாய் காட்டும் அந்தக் 'குற்றவாளி முகம்'. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தப்பு செய்ததால் வருகிற முகம் இல்லை அது. தப்பே செய்யாத நாயும் திட்டினால் அதே முகத்தைக் காட்டுகிறது. அப்படியானால் வசனம் இப்படி வரும்: "எதுக்குக் கத்துறாங்கன்னு தெரியல. காதை மடக்கி வைப்போம், சீக்கிரம் முடியும்." இதை எழுதிய பிள்ளைக்கு நாயைப் பற்றியும் ஒன்று புரிந்துவிடுகிறது. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதே அதற்காகத்தான்.

படமெடுப்பதில் முதல் விதி, கேமரா நாயின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் அது வெறும் வளர்ப்புப் பிராணி, தரையில் படுத்து எடுத்தால் அது கதாபாத்திரம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், கறுப்பு நாய்க்கு இது இன்னும் முக்கியம். லென்ஸுக்குப் பக்கத்தில் தின்பண்டத்தைப் பிடித்தால் பார்வை கேமராவுக்கு வரும், சற்று இடதுபக்கம் நகர்த்தினால் அங்கே நிற்கிற குழந்தையைப் பார்ப்பது போல வரும். ஐந்தாறு விநாடி நீளமுள்ள குளோசப்புகள் நிறைய எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பது, திரும்புவது, மோப்பம் பிடிப்பது, கொட்டாவி விடுவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அந்தக் கடைசி வகைதான் அதிகம் பயன்படும்.

குழந்தையையும் நாயையும் ஒரே ஷாட்டில் நடிக்கவைக்கப் பாடுபட வேண்டாம். தனித்தனியாக எடுத்து ஒட்டுங்கள். லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே காட்டிய வித்தைதான் இது. ஒரே நடிகரின் சலனமில்லாத முகத்தை சூப் கிண்ணத்தோடு ஒட்டினால் பசியாகத் தெரிகிறது, சவப்பெட்டியோடு ஒட்டினால் துக்கமாகத் தெரிகிறது. நாயின் முகத்தைவிட இதற்குத் தோதான முகம் கிடையாது. இருவரும் சேர்ந்து இருக்கிற ஷாட் இரண்டு மூன்று வந்தால் போதும், அதிலும் குழந்தை பக்கத்தில் உட்காரட்டும். இறுக்கிக் கட்டிப்பிடிப்பது பல நாய்களுக்குப் பிடிக்காது.

நாய்க்குப் பத்து நிமிஷம் வேலை, அப்புறம் நல்ல ஓய்வும் தண்ணீரும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, அடிக்கடி உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரிவது, வாலை உள்ளே இழுத்துக்கொள்வது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்குப் படப்பிடிப்பு முடிந்தது. இந்த அடையாளங்களைக் கவனிக்கிற பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். 'கட்' சொல்கிற அதிகாரம் இயக்குநருக்கு மேலே அந்தப் பிள்ளைக்குத்தான். தின்பண்டத்திலும் ஜாக்கிரதை. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் எதுவும் கூடாது. சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த எதையும் தரக் கூடாது. நாய் பயந்து நடுங்குவதை வேடிக்கைக் காட்சியாக எடுப்பதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை.

வீட்டில் நாய் இல்லையென்றால் பழகியவர்களின் நாயை, அவர்களும் கூடவே இருக்க, வைத்து எடுங்கள். படத்துக்காக ஒரு குட்டி வாங்கவே வேண்டாம். 1996-இல் '101 டால்மேஷன்ஸ்' வந்தபோது ஆசைப்பட்டுக் குட்டி வாங்கிய பலர், வளர்க்க முடியாமல் காப்பகங்களில் கொண்டுபோய் விட்டார்கள்.

இப்போது எழுத்து. நாய் ஒரு குட்டி மனிதனாகப் பேசக் கூடாது. பையன் அழும்போது "கவலைப்படாதே, தன்னம்பிக்கைதான் வாழ்க்கை" என்று நாய் உபதேசம் செய்தால் அங்கேயே படம் படுத்துவிடும். நாய்க்கு ஒரே ஒரு ஆசை கொடுங்கள், குழந்தைக்கு ஒரு கஷ்டம் கொடுங்கள், இரண்டையும் ஒரே அறையில் வையுங்கள். வகுப்பில் நான் காட்டுகிற மாதிரி இது. யாழினி பேச்சுப் போட்டிக்குத் தயாராகிறாள், மேடை பயம். கேட்க ஆள் இல்லாததால் வீட்டு நாய் மணியை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்க்கிறாள். கையில் ஒரு பிஸ்கட்.

"அவையோர் அனைவருக்கும் வணக்கம்."
"வணக்கம். பிஸ்கட்."
"நான் இன்று பேச எடுத்துக்கொண்ட தலைப்பு… தலைப்பு…"
"பிஸ்கட். இதுல என்ன யோசனை?"

மணி தலையைச் சாய்த்து இமைக்காமல் பார்க்கிறது. தன் பேச்சில் சொக்கிப்போயிருக்கிறது என்று நினைத்து அவள் இன்னும் உற்சாகமாகப் பேசுகிறாள். போட்டியைக் காட்டவே தேவையில்லை. பரிசில்லாமல் திரும்பி வந்து மறுபடி மணிக்கு எதிரே உட்காருகிறாள். மணி அவள் கையை மோந்து பார்க்கிறது. "ஒண்ணும் கொண்டுவரல. சரி, பரவாயில்ல, பேசு." அவ்வளவுதான். தான் உதவினோம் என்று மணிக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் அந்த உதவி நெஞ்சைத் தொடுகிறது.

குரலுக்கு வருவோம். கீச்சுக் குரலும் கார்ட்டூன் குரலும் வேண்டாம். சின்னக் குட்டிக்குத் தாத்தாவின் நிதானமான குரல், பெரிய நாய்க்குப் பொடியனின் அவசரக் குரல் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் நின்று பேசினால் எதிரொலி வராது. படத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும் இடத்தில் நீளமான வசனம் ஒட்டாது, இரைப்பு நின்று வாய் மூடுகிற கணத்தில் வைத்தால் கச்சிதமாக உட்காரும். வசனம் நீளமாகத்தான் இருக்க வேண்டுமென்றால், நாய் முதுகைக் காட்டி நடக்கும் ஷாட்டில் வையுங்கள்.

எடிட்டிங்கில் மொத்த நீளம் நான்கு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு நகைச்சுவை வசனத்துக்கும் பிறகு ஒன்றும் பேசாத நாய் முகம் ஒரு விநாடி இருக்கட்டும், சிரிப்பு அங்கேதான் வரும். அசல் குரைப்பையும் நகம் தரையில் தட்டும் ஓசையையும் அழித்துவிடாதீர்கள். இசை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

முடிந்ததும், படத்தில் வேலை செய்யாத சின்னப் பிள்ளைகள் யாருக்காவது போட்டுக் காட்டுங்கள். எங்கே நெளிகிறார்களோ அங்கே ஒரு வசனத்தை வெட்டுங்கள். நடித்த நாயும் அதே அறையில் இருந்தால் ஒலியைக் குறைத்தே வையுங்கள். ஸ்பீக்கரில் வரும் குரைப்பைக் கேட்டதும் அது பதிலுக்குக் குரைக்க ஆரம்பித்துவிடலாம், பாதி வசனம் காதில் விழாது.