ஹெல்டைவர்ஸ் 2: களத்தில் இறங்குமுன் நான்கு விசைகளை மாற்றுங்கள்

நான்கு பேர் வரை குழுவாகச் சேர்ந்து எதிரிகளைச் சுடும் ஹெல்டைவர்ஸ் 2 வீடியோ விளையாட்டை வாங்கி இறக்கியாகிவிட்டது, பயிற்சிக் களத்தையும் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். (கணினியில் இடமில்லை என்று தள்ளிப்போட்டவர்கள் மறுபடி பாருங்கள். 150 ஜிபி அளவில் இருந்த கணினிப் பதிப்பை 2025 டிசம்பரில் ஏறத்தாழ 23 ஜிபியாகச் சுருக்கிவிட்டார்கள்.)

2015இல் வந்த முதல் பாகத்தில் கேமரா மேலிருந்து பார்க்கும். நான்கு பேரும் ஒரே திரைக்குள்தான் ஓட முடியும். எதிரிப் பூச்சி எந்தப் பக்கம் வந்தாலும் தெரிந்துவிடும். 2024 பிப்ரவரியில் வந்த இந்தப் பாகத்தில் கேமரா தோளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஆளுக்கொரு திசையில் பிரிந்து போகலாம், ஆனால் முதுகுப் பக்கம் நடப்பது தெரியாது. வானிலிருந்து குண்டோ தோட்டாவோ வரவழைக்கத் திசைகளை வரிசையாக அழுத்தும் ஸ்ட்ராட்டஜம் முறை மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கேதான் புதியவர்கள் கடி வாங்குகிறார்கள்.

படி 1: விசைகள்

கன்ட்ரோல் (Ctrl) விசையைப் பிடித்துக்கொண்டு டபிள்யூ, ஏ, எஸ், டி அழுத்த வேண்டும் என்பதுதான் ஆரம்ப அமைப்பு. நடப்பதற்கும் அதே நான்கு விசைகள். ஆக, குண்டை வரவழைக்கிற நேரம் முழுக்க மரம் மாதிரி நிற்பீர்கள். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய், ஸ்ட்ராட்டஜத்தின் நான்கு திசைகளையும் அம்பு விசைகளுக்கு மாற்றுங்கள். பழைய எழுத்து அந்த வரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று மிச்சமிருந்தாலும் ஓடும்போது வரிசை கலைந்துவிடும், காரணம் புரியாமல் மண்டை காயும். அப்புறம் ஸ்ட்ராட்டஜம் பட்டியலைத் திறக்கும் அந்தக் கன்ட்ரோல் விசையை, அழுத்திப் பிடிப்பதிலிருந்து ஒருமுறை அழுத்துவதற்கு மாற்றினால் சுண்டுவிரல் பிழைக்கும். இனி இடது கை ஓடும், வலது கை மவுஸை விட்டு அம்புக்குப் போகும்.

இதற்காகக் கோலாலம்பூரின் கணினிக் கடைத்தொகுதியான லோ யட் பிளாசாவில் பக்கவாட்டில் பன்னிரண்டு பொத்தான் வைத்த மவுஸைப் பார்த்து மயங்க வேண்டாம். அம்பு விசைகள் தனியாக, முழு அளவில் இருக்கும் சாதாரண கீபோர்டு போதும். மிச்சக் காசுக்கு நண்பர்களோடு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்காரலாம்.

படி 2: மூன்று வரிசைகள்

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யாதீர்கள். திரையிலேயே காட்டும். இவை மட்டும் விரலில் ஏறட்டும்:

செத்த நண்பனைத் திரும்ப இறக்க: மேல், கீழ், வலம், இடம், மேல்.
தோட்டா, மருந்து: கீழ், கீழ், மேல், வலம்.
ஈகிள் விமானத் தாக்குதல்: மேல், வலம், கீழ், வலம்.

முதலாவதுதான் மிக முக்கியம். செத்தவன் காத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மெதுவாகத் தேடினால் குழுவில் என்ன பேச்சு வாங்குவீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

படி 3: ஆர் விசை

தட்டினால் தோட்டா மாற்றும். பிடித்தால் ஒரு சின்னப் பட்டியல் வரும்: சுடும் வேகம், டார்ச், தொலைநோக்கியின் தூரம். ரொம்பப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. இன்னொன்று, பாதி காலியான மேகசினை மாற்றினால் மிச்சத் தோட்டாக்கள் போயே போச்சு. சும்மா சும்மா ஆரைத் தட்டும் பழக்கத்தை மற்ற விளையாட்டுகளோடு விட்டுவிடுங்கள்.

படி 4: பந்து

திசை வரிசையை அழுத்தி முடித்ததும் கையில் பந்து வரும், கேட்டது இறங்க வேண்டிய இடத்துக்கு அதை எறிய வேண்டும். பாறையில் பட்டால் திரும்பி உங்கள் காலடிக்கே உருண்டு வரலாம். சிவப்பு ஒளி எழும்பினால் அங்கே குண்டு விழப்போகிறது. உங்கள் குண்டு உங்களையும் கொல்லும், நண்பனையும் கொல்லும். எறிவதற்கு முன்பே மைக்கில் கத்திவிடுங்கள்.

பின்சேர்க்கை: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி, தன் குட்டி கீபோர்டில் அம்பு விசையே இல்லை, என்ன செய்வது அண்ணே என்று கேட்டிருந்தார். ஐ, ஜே, கே, எல் நான்கையும் வையுங்கள். கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. நடப்பதும் திசை அழுத்துவதும் ஒரே கட்டைவிரல் வேலை. அவர்கள் முதலில் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அப்புறம் அழுத்தட்டும்.