வாத்தியார் விட்டுப்போன காகிதக் கட்டு: பிரிப்பது எப்படி, காப்பது எப்படி

பரணிலிருந்து இறக்கிய ட்ரங்குப் பெட்டியில் 19ஆம் நூற்றாண்டு வாத்தியார் ஒருவரின் காகிதங்கள் இருந்தால், தேதி வாரியாக அடுக்கிவிடலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். சம்பள ரசீதும் கடன் பத்திரமும் ஒரே நூலில் கட்டியிருந்தால், அந்தச் சம்பளம் எங்கே போனது என்பதற்கு அந்த முடிச்சே சாட்சி.

படி 1: சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கட்டைப் பிரிக்காதீர்கள். ஈரக்காற்று பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தை பிறந்தபின் தொடங்குங்கள். பெட்டி இருந்தபடியே மேலிருந்து படமெடுங்கள். ஒவ்வொரு அடுக்கை எடுத்தபிறகும் ஒரு படம். ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும்.

படி 2: மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தூசு தட்டுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. அன்னபேதி (ஓர் இரும்பு உப்பு) கலந்த பழைய மை தண்ணீர் பட்டால் பரவும். அந்த மை அமிலத்தன்மை உள்ளது, கெட்டியாக எழுதிய இடங்களில் காகிதத்தையே அரித்து ஓட்டையாக்கியிருக்கும். அத்தகைய தாளை மடக்கி நிமிர்த்தாதீர்கள்.

படி 3: துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாள் கிழியும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெதுவாக நகர்த்துங்கள். தாளின் பின்புறக் கீழ்மூலையில் 2பி பென்சிலால் 1/1, 1/2 என்று எண்ணிடுங்கள்: முதல் எண் கட்டு, அடுத்தது தாள். பேனா கூடாது.

படி 4: தேதி கண்டுபிடிப்பது. தடுமாற்றம் அதிகம் வருவது இங்கேதான். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௹ ரூபாய், ௸ மேற்படி. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம்; ஆகவே ௲௮௱௭௰௭ என்பது 1877. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதுவதும் உண்டு, சொல்லைச் சூழலை வைத்துப் படியுங்கள். கணக்கில் 1 ரூபாய்க்கு 16 அணா, 1 அணாவுக்கு 12 பை (தம்பிடி).

ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால், 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதை மறக்காதீர்கள். தாது வருஷம் 1816இலும் வரும், பஞ்சம் வந்த 1876இலும் வரும். ஆண்டு சித்திரையில் பிறப்பதால், தாது வருஷம் தை மாதக் கடிதம் 1876 அல்ல, 1877. பலர் ஒரு வருஷம் பிசகுவது இதனால்தான்.

படி 5: 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள், மங்கிய எழுத்துக்கு 600. மூலப்படியை டிஃப் (TIFF) கோப்பாக, இரண்டு இடங்களில் வையுங்கள்.

படி 6: அமிலமில்லாத காகித உறையில் வைத்து, பீரோவின் நடுத்தட்டில் அடுக்குங்கள். கீழ்த்தட்டு வெள்ளத்துக்கு எட்டும், வெளிச்சுவரில் ஈரம் கசியும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதிலும் அமிலம் உண்டு. செல்லோ டேப்பும் லேமினேஷனும் தாளை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். பூச்சி தெரிந்தால், பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்து 24 மணி நேரம் கழித்துத்தான் பையைத் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும். புகைப்படங்களை மட்டும் குளிரில் வைக்கும் முன்பே தனியே எடுத்துவிடுங்கள்.

நியமன உத்தரவு கிடைத்தால், அதன் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். சென்னை மாகாணக் கல்வித்துறை ஆணைகள் அங்கே உள்ளன.