பி.ஆர்க். விண்ணப்பமும் போர்ட்ஃபோலியோவும்: பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு செய்முறை

வருஷா வருஷம் அரையாண்டுப் பரீட்சை நெருங்கும்போது எனக்கு ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும்: “அக்கா, ஆர்க்கிடெக்சர் சேரணும். போர்ட்ஃபோலியோ எப்படிப் பண்றது?” போர்ட்ஃபோலியோ என்றால் நீங்கள் வரைந்தவற்றிலும் செய்தவற்றிலும் நல்லதைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த தொகுப்பு. நான் சென்னையில் ஆர்க்கிடெக்சர் பட்டப்படிப்பான பி.ஆர்க். நான்காம் ஆண்டு படிக்கிறேன். போன வருஷம் என் சித்தி மகள் இங்குள்ள கல்லூரிகளுக்கும் இங்கிலாந்துக்கும் சேர்த்தே விண்ணப்பித்தாள். அவளோடு உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை செய்தோம். கேட்கிறவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

படி 1: நீங்கள் போகும் வழிக்கு போர்ட்ஃபோலியோ வேண்டுமா?

தமிழ்நாட்டு பி.ஆர்க். கவுன்சலிங்கில் போர்ட்ஃபோலியோ கேட்பதில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்கு மாற்றி, அதோடு நாட்டா என்ற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வின் 200-ஐச் சேர்த்து, மொத்தம் 400-க்கு ரேங்க் போடுகிறார்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்கில் சேரவும் இதுதான் வழி. இதற்கான பதிவு பொறியியல் கவுன்சலிங் பதிவிலிருந்து தனி. அதைப் போட்டாயிற்று, இதுவும் அதிலேயே வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

திருச்சி என்.ஐ.டி. வேண்டுமென்றால் ஜே.இ.இ. மெயின் இரண்டாம் தாள். ஐ.ஐ.டி. என்றால் காரக்பூர், ரூர்க்கி, வாரணாசி; அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியபின் ஏ.ஏ.டி. என்ற தனித் தேர்வு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பி.ஆர்க். கிடையாது. இதை வாரம் ஒருவராவது கேட்கிறார்கள்.

போர்ட்ஃபோலியோ முக்கியமாகத் தேவைப்படுவது வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கும், நேர்முகம் வைத்துச் சேர்க்கும் சில தனியார் பல்கலைக்கழகங்களுக்கும்தான். இங்கிலாந்துக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தின் வழியாக ஐந்து படிப்புகள்வரை தேர்ந்தெடுக்கலாம். ஜனவரியில் கெடு. போர்ட்ஃபோலியோவைப் பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரியே பிறகு தனியாகக் கேட்கும், எத்தனை பக்கம் என்பதையும் அதுவே சொல்லும்.

எந்த வழியானாலும் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருந்தால்தான் இந்தியாவில் பி.ஆர்க். சேர முடியும். கல்லூரிக்கு, இந்தப் படிப்பை நாடு முழுக்க ஒழுங்குபடுத்தும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அட்மிஷன் போடும் முன்பே கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். கல்லூரியின் விளம்பரப் பலகையை நம்ப வேண்டாம்.

போர்ட்ஃபோலியோ தேவைப்படாதவர்களும் கீழே உள்ளதைப் படிக்கலாம். 2025 நாட்டாவில் 200-க்கு 80 மதிப்பெண் கையால் செய்யும் பகுதிக்கு இருந்தது: வண்ணத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று, கொடுக்கும் பொருட்களை வைத்து முப்பரிமாணத்தில் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து 90 நிமிடம். போர்ட்ஃபோலியோவுக்காக வரைந்து பழகிய கைக்கு அந்த 90 நிமிடம் போதும்.

படி 2: சாமான்கள்

2பி, 4பி, 6பி பென்சில்கள், ஒரு கறுப்பு ஜெல் பேனா, ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள் (தடிமனான ஓவியத் தாள்), 24 வண்ணப் பென்சில்கள். அவ்வளவுதான். பென்சிலுக்கு அப்சராவே போதும். முதல் வருஷத்துக்கு வெளிநாட்டு பிராண்டு தேவையில்லை. தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மெல்லிய சார்ட் தாளில் 6பி-யை இரண்டு முறை தேய்த்தால் பஞ்சு கிளம்பிவிடும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கார்ட்ரிட்ஜ் தாளை அங்கே மொத்தமாக வாங்குங்கள். மாடல் செய்ய மவுண்ட் போர்டு, ஸ்டீல் ஸ்கேல், கட்டர், ஃபெவிகால். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து வெட்டினால் கட்டர் ஸ்கேலையும் வெட்டும், விரலையும் வெட்டும்.

படி 3: வெளியே போய் வரையுங்கள்

மண்பானை, மடித்த துணி, இரண்டு ஆப்பிள். டியூஷன் சென்டர்களிலிருந்து வரும் போர்ட்ஃபோலியோக்களில் முதல் நான்கு பக்கம் இதுதான். ஷேடிங் அழகாகவே இருக்கும். ஆனால் அதை வரைந்த பிள்ளை எதைக் கவனிக்கிற பிள்ளை என்று அதில் தெரியாது. ஒரு இடத்தை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள், பார்த்ததைக் கையால் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதுதான் போர்ட்ஃபோலியோவில் தெரிய வேண்டும். இணையத்தில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் பார்க்கும் வேலையை ஏற்கெனவே கேமரா செய்து முடித்திருக்கும்.

சென்னையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகையை எதிர்ப்பக்கம் நின்று வரையலாம். எழும்பூர் மியூசிய வளாகம், மயிலாப்பூர் மாட வீதிகள், அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் எல்லாம் நல்ல பாடங்கள். உயர் நீதிமன்றம் போன்ற இடங்களில் பாதுகாப்பு அதிகம். அங்கே வெளியில் நடைபாதையிலிருந்து வரைவதே நல்லது.

தொடங்குகிற எல்லோரும் சிக்கிக்கொள்வது கண்மட்டக் கோட்டில். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

பென்சிலைக் கண்ணுக்கு நேரே, கை நீட்டிய தூரத்தில், படுக்கைவாட்டில் பிடியுங்கள். அது மறைக்கும் மட்டம்தான் உங்கள் கண்மட்டம். தாளில் முதலில் போட வேண்டிய கோடு அதுவே. அதற்கு மேலே இருக்கும் விளிம்புகள், அதாவது மாடிச் சுவர், ஜன்னலின் மேல்பக்கம், விளம்பரப் பலகை எல்லாம் தூரம் போகப் போக அந்தக் கோட்டை நோக்கி இறங்கும். கீழே இருப்பவை, அதாவது நடைபாதை விளிம்பு, திண்ணை, படிக்கட்டு எல்லாம் அதே கோட்டை நோக்கி ஏறும். நீங்கள் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டால் கோடும் உங்களோடு கீழே இறங்கிவிடும். நின்றபடி பாதி, உட்கார்ந்து பாதி என்று வரைந்த படம் ஏன் கோணலாகத் தெரிகிறது என்பது இப்போது புரியும்.

அடுத்தது மனிதர்கள். லஸ் கார்னரில் நின்றுகொண்டு பஸ் ஸ்டாப்பைப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர், சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர், தெருக்கோடியில் நடப்பவர், எல்லோரும் ஏறக்குறைய உங்கள் உயரம் என்றால் அத்தனை பேர் தலையும் அந்த ஒரே கோட்டில்தான் இருக்கும். தூரம் கூடக் கூடப் பாதங்கள்தான் மேலே ஏறும். தொடங்குகிறவர்கள் தூரத்து ஆளைச் சின்னதாக்கி அவர் தலையையும் கீழே இறக்கிவிடுகிறார்கள். பார்த்தால் குழந்தைகள் கூட்டமாகத் தெரியும். இந்த ஒரு விஷயம் கைவந்துவிட்டால் நாட்டாவில் சந்தை, ரயில் நிலையம், திருவிழா என்று எந்தக் காட்சி கேட்டாலும் பயமில்லை.

படி 4: ஒரே இடம், பல விதம்

பத்து கட்டடங்களை ஒவ்வொரு முறை வரைவதைவிட ஒரே இடத்தைப் பல விதமாக வரைவது எனக்குப் பிடித்த முறை. என் சித்தி மகள் எடுத்துக்கொண்டது மயிலாப்பூரில் அவள் பாட்டி குடியிருக்கும் பழைய வீடு. தெருவிலிருந்து ஒரு தோற்றம். டேப் வைத்து அளந்து 1:50 அளவில் ஒரு பிளான், அதாவது மேலிருந்து பார்த்தாற்போல அறைகளின் வரைபடம். இந்த அளவில் மூன்று மீட்டர் அறை தாளில் ஆறு சென்டிமீட்டர். பிறகு, வீட்டை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று ஒரு குறுக்குவெட்டு. திண்ணையில் காலை, மதியம், சாயங்காலம் யார் யார் உட்காருகிறார்கள் என்று மூன்று சின்னப் படம். வெயில் முற்றத்தில் எதுவரை வருகிறது என்று இன்னொன்று.

குறுக்குவெட்டு வரையும்போதுதான் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அந்தக் கூரை: மர உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களை நெட்டாக நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கியது. அதைத் தனியாகப் பெரிதாக வரைந்து ஒரு பக்கம் வைத்தாள். நேர்முகத்தில் அவளிடம் அதிக நேரம் பேசியது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

பழைய வீடு இல்லையென்றால் உங்கள் ஃபிளாட்டின் மாடிப்படியே போதும். ஒரு படியின் உயரத்தையும் கால் வைக்கும் அகலத்தையும் அளங்கள். இரண்டு உயரத்தோடு ஒரு அகலத்தைக் கூட்டினால் 600 மில்லிமீட்டரை ஒட்டி வருவதுதான் ஏற வசதியான படி. உங்கள் கட்டடத்தில் என்ன வருகிறது? தாத்தா எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார்? இதையே இரண்டு பக்கமாக்கலாம்.

கையால் செய்த பொருள் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். சின்ன ஹாலுக்கு மடித்து வைக்கும் கொலுப்படி செய்தீர்களா? அம்மாவின் பிளவுஸ் கட்டிங்கைப் பார்த்து, தட்டையான துணி எப்படி உடம்பின் வடிவத்துக்கு வருகிறது என்று பேப்பரில் வெட்டிப் பார்த்தீர்களா? இரண்டும் நேராக இந்தப் படிப்புக்குள் வரும் வேலைகள். சரியாக வராத முதல் இரண்டு மாடல்களையும் தூக்கி எறியாமல் படமெடுத்து அதே பக்கத்தில் வையுங்கள்.

படி 5: படமெடுப்பது

மாசக்கணக்கில் வரைந்ததெல்லாம் இந்த இடத்தில்தான் பாழாகிறது. நிதானமாகப் படியுங்கள்.

மொபைல் ஸ்கேனர் ஆப்களைப் பென்சில் ஓவியத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை ரேஷன் கார்டு, மார்க் ஷீட் நகலெடுக்கச் செய்யப்பட்டவை. மெல்லிய சாம்பல் நிறத்தை அழுக்கு என்று நினைத்து வெளுத்துவிடும். உங்கள் ஷேடிங்கில் பாதி காணாமல் போகும். சாதாரண கேமராவே நல்லது.

தாளை மேஜையில் கிடத்தி மேலிருந்து எடுத்தால் உங்கள் நிழலே விழும். சுவரில் ஒட்டுங்கள். போனைத் தாளின் நடுப்புள்ளிக்கு நேராக வைத்து, நன்றாகப் பின்னால் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்ட நின்று எடுத்தால் தாளின் ஓரங்கள் வளையும், நேரான சுவரெல்லாம் தொப்பை போடும். கேமராவில் கட்டக்கோடுகளை ஆன் செய்து தாளின் விளிம்போடு பொருத்துங்கள்.

வெளிச்சம்: ஃபிளாஷ் வேண்டாம், டியூப் லைட்டும் வேண்டாம். 6பி அழுத்திய இடம் நேர் வெளிச்சத்தில் பளபளத்து வெள்ளையாகத் தெரியும். காலையில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலோ, வெயில் நேராக விழாத பால்கனியோ சரியான இடம். பிறகு ஸ்னாப்சீட் என்ற போன் ஆப்பில் கோணத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் சரிசெய்யுங்கள். ஃபில்டர் எதையும் தொடாதீர்கள். தாள் தாளாகவே, லேசான மங்கலோடு தெரியட்டும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம்: இங்கிலாந்து விண்ணப்பக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வெளிச்சமும் இருக்காது, ஈரத்தில் தாளும் சுருளும். முடிந்தவற்றைச் செப்டம்பரிலேயே எடுத்துவிடுங்கள். சுருண்ட தாளை இரவு முழுக்க பிளைவுட் பலகைக்கும் கனமான புத்தகங்களுக்கும் அடியில் வைத்தால் நிமிரும். ஒவ்வொரு ஓவியத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள்.

படி 6: தொகுப்பது

கல்லூரி பக்க எண்ணிக்கை சொல்லவில்லையென்றால் 15 முதல் 20 பக்கம். பக்கத்துக்கு ஒரு விஷயம். மிகச் சிறந்தது முதலில், அடுத்த சிறந்தது கடைசியில். வெள்ளைப் பின்னணி, ஒரே எழுத்துரு, அலங்கார பார்டர் கிடையாது. கான்வாவின் ரெடிமேட் டெம்ப்ளேட்டுகள் எனக்குப் பிடிக்கவில்லை. ஓவியத்தைவிட அவைதான் முன்னால் வந்து நிற்கின்றன. லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸில் வெற்றுப் பக்கம் எடுத்துச் செய்தாலே சுத்தமாக வரும், காசும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே இடம், நேரம், எதனால் வரைந்தது, தாளின் அளவு, ஒரு வரி விளக்கம். “ஈஸ்வரன் கோயில் குளப்படிகள், காலை 7 மணி, ஜெல் பேனா, ஏ4. நீர்மட்டம் இறங்கிய அடையாளங்களைக் கவனித்தேன்.” இந்த அளவு போதும்.

பின்சேர்க்கை: பதிவு போட்டபின் வந்த கேள்விகள்

“டியூஷன் சார் டச்-அப் பண்ணின ஓவியத்தை வைக்கலாமா?” வேண்டாம். நேர்முகத்தில் அந்த இடத்தைக் காட்டித்தான் கேட்பார்கள். உங்கள் கையால் சுமாராக வந்ததை வையுங்கள். ஏ.ஐ. படத்துக்கும் இதே பதில்தான்.

அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு தம்பி, ஏ3 ஸ்கெட்ச் புக் வாங்க வசதியில்லை என்று எழுதியிருந்தார். தம்பி, ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள்களின் பின்பக்கமும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் போதும். பால்பாயின்டில் அழிக்க முடியாததால் பார்த்துப் பார்த்துப் போடும் பழக்கம் தானாக வரும். நல்ல தாளைக் கடைசியாகப் போர்ட்ஃபோலியோவில் வைக்கப்போகும் ஓவியங்களுக்கு மட்டும் உதிரியாக வாங்குங்கள்.

தாம்பரத்திலிருந்து ஒரு அப்பா: “மகள் இங்கிலாந்தில் மூணு வருஷம் முடிச்சுட்டு வந்து இங்கே ஆர்க்கிடெக்ட்டா வேலை பார்க்கலாமா?” சார், அங்கே மூன்று வருஷப் பட்டம் என்பது முதல் கட்டம்தான், மேற்படிப்பும் வேலை அனுபவமும் அதற்குமேல் உண்டு. இங்கே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலில் பதிய வேண்டும். எந்தப் பட்டத்தை ஏற்பார்கள் என்று ஃபீஸ் கட்டும் முன்பே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, மூன்று பேருக்கு ஒரே பிரச்சினை: பி.டி.எஃப்.பில் படமெல்லாம் மங்கலாக இருக்கிறது. விசாரித்தால், போனில் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் பிரவுசிங் சென்டருக்கு அனுப்பி அங்கே தொகுத்திருக்கிறார்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு நேராக ஏற்றுங்கள். கோப்பின் அளவைக் குறைப்பது பி.டி.எஃப். தயாரான பிறகு, கல்லூரி சொன்ன எல்லைக்குள், ஒரே ஒருமுறை. குறைத்ததைத் திறந்து, மெல்லிய பென்சில் கோடுகள் இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.