கயாக் பழகலாம் வாங்க: முதல் துடுப்பு டெல்டாவில்

அந்தமானிலோ தாய்லாந்திலோ தீவுகளைச் சுற்றிக் கயாக்கில் (துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகில்) வர ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே போய்த்தான் முதன்முதலாகத் துடுப்பைக் கையில் எடுக்கிறார்கள். காசைக் கட்டிவிட்டு, கிடைக்கிற நேரத்தில் பாதியைப் படகை நேராக ஓட்டுவதற்கே செலவழிக்கிறார்கள். காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் தேவையில்லை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம், திருவாரூர் மாவட்டத்தின் தெற்குக் கோடியில் முத்துப்பேட்டை என்று இரண்டு அலையாத்திக் காடுகள் இருக்கின்றன. திட்டுகள், வாய்க்கால்கள், ஏறி இறங்கும் உப்பு நீர் எல்லாம் இங்கேயே உண்டு. பெரிய அலை மட்டும்தான் இல்லை. பழகுகிறவருக்கு அது இல்லாததே நல்லது.

1. இடம்

முதல் தடவைக்குப் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. வாய்க்கால்கள் குறுகலானவை, இரண்டு பக்கமும் மரங்கள் காற்றை மறைத்துவிடும். முத்துப்பேட்டைக் காயல் அப்படியில்லை, திறந்தவெளி. ஆழம் குறைவுதான், ஆனால் காற்று எழும்பினால் நீர் கலகலவென்று குதிக்கும். அதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் வனத்துறை பார்வையில் உள்ள காடுகள். சொந்தமாக ஒரு படகைக் கொண்டுபோய் இறக்கிவிட முடியாது. அனுமதி, அன்றைக்குக் கயாக் உண்டா, கூட யார் வருகிறார் எல்லாவற்றையும் முன்னாடியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வழிகாட்டி அந்த ஊர்க்காரராக, மீன்பிடிக்கப் போய் வந்தவராக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

2. நாளும் நீரும்

இதைத்தான் புதியவர்கள் யாரும் கேட்பதில்லை. லைஃப் ஜாக்கெட் என்ன நிறம் என்றுகூடக் கேட்கிறார்கள், நீர் எப்போது ஏறும் என்று கேட்பதில்லை.

நீர் பொதுவாக நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். ஆக, இன்று காலை 7 மணிக்கு ஏறி நின்றால் நாளை 7.50 வாக்கில் ஏறி நிற்கும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் பொதுவாக ஒரு மீட்டரைத் தாண்டாது. இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் வாய்க்காலே இடுப்பளவுதான் என்றால், நீங்கள் மிதப்பதும் சேற்றில் உட்காருவதும் ஒரு முழத் தண்ணீரில்தான் இருக்கிறது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது, நீரோட்டமும் வேகம். அஷ்டமி, நவமி வாக்கில் எல்லாம் மந்தம். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்குகிற அந்த இரண்டு திதிகள்தான் கயாக் பழக உகந்தவை! வீட்டில் தொங்கும் டெய்லி காலண்டர் போதும்.

நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள். எங்காவது தரை தட்டினாலும் கொஞ்சநேரத்தில் நீரே தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம் வரை கொசுக்கடிதான்.

மாதம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, அதிகாலை. மதியத்துக்கு மேல் கடற்காற்று பிடித்துக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அந்தப் பக்கமே வேண்டாம்.

3. உடுப்பு

முழுக்கைச் சட்டை, தொப்பி, பின்பட்டி வைத்த செருப்பு. துப்பட்டாவைக் காரிலேயே விட்டுவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் கூட வருகிறவரை அதன் தோள்பட்டியைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை வந்தால் அது உங்கள் அளவு இல்லை.

4. உட்காருவதும் துடுப்பும்

முதுகு நிமிர்ந்து, முழங்கால் லேசாக மடிந்து, பாதம் மிதியில் பதிய உட்காருங்கள். துடுப்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, இரண்டு முழங்கையும் செங்கோணமாகும் இடத்தில் கை வையுங்கள். அதுதான் உங்கள் பிடி. துடுப்பு முனையில் உள்ள அகலமான இலையின் குழிந்த பக்கம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

பாதத்துக்குப் பக்கத்தில் துடுப்பை இறக்கி, இடுப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள். அதற்குமேல் இழுத்தால் படகு திரும்புமே தவிர முன்னே போகாது. கையால் இழுக்காமல் உடம்பை லேசாகத் திருப்பி இழுக்க வேண்டும். மறுநாள் தோள் வலித்தால் கையால் இழுத்திருக்கிறீர்கள், வயிற்றோரம் வலித்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

வலப்பக்கம் திரும்ப, இடப்பக்கத்தில் அகலமாக வளைத்துத் துழாவுங்கள். நிறுத்த, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் துடுப்பைப் பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளுங்கள். இருவர் படகில் முன்னால் இருப்பவர் தாளம் போடுவார், பின்னால் இருப்பவர் திருப்புவார். இதை மாற்றிச் செய்கிற தம்பதிகளின் சத்தம் அடுத்த வாய்க்கால்வரை கேட்கும்.

5. வாய்க்காலுக்குள்

புதியவர் நீரில் விழுவது பெரும்பாலும் கிளையைப் பிடிப்பதால்தான். மரத்தில் மோதப் போகிறோம் என்றதும் கை தானாகக் கிளைக்குப் போகும். கிளை அங்கேயே நிற்கும், படகு கீழே நழுவிப் போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் நடுவில். மோதினால் மோதட்டும். மரத்துப் பக்கமே லேசாகச் சாய்ந்து, துடுப்பால் தள்ளி வெளியே வாருங்கள். சுரபுன்னையின் தாங்கு வேர்களில் கிளிஞ்சல் ஒட்டியிருக்கும், பிளேடு மாதிரி கிழிக்கும்.

தில்லை மரத்தில் இன்னும் கவனம். சிதம்பரம் கோயிலின் தலமரம் அதுதான். கிளை ஒடிந்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் கொஞ்சகாலத்துக்குப் பார்வையே போய்விடலாம். பழுத்த இலைகள் சிவந்திருக்கும், பார்த்ததும் ஒதுங்குங்கள்.

தண்ணீர் முழங்கால் அளவுதானே என்று இறங்கிவிடாதீர்கள். அதற்குக் கீழே சேறு இருக்கிறது.

6. கவிழ்ந்தால்

கரையை விட்டுப் போவதற்கு முன்பே, வழிகாட்டி பக்கத்தில் இருக்க, ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள். படகையும் துடுப்பையும் விடாதீர்கள். படகு குப்புறக் கிடந்தால் மேலே கையை நீட்டி அந்தப்பக்க விளிம்பைப் பிடித்து இழுத்துப் புரட்டுங்கள். பிறகு நடுப்பகுதியில் வயிறு படும்படி, காலை உதைத்து ஏறுங்கள், அப்புறம் புரண்டு உட்காருங்கள். எழுந்து உட்கார அவசரப்பட்டால் மறுபடியும் தண்ணீர்தான்.

7. தீவுக்குப் போகும் முன்

இதெல்லாம் கைவந்துவிட்டால் கடலுக்குப் போகலாம். தாய்லாந்தின் ஃபங் நா விரிகுடாவில் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளின் குகைகளுக்குள் கயாக்கிலேயே நுழைகிறார்கள். நீர் அதிகம் ஏறினால் குகைவாயின் கூரை தலையில் இடிக்கும், அதனால் பயண நேரத்தை அங்கேயும் நீர்தான் முடிவுசெய்கிறது. நமக்குப் பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவில் பல தீவுகள் இருக்கின்றன, ஆனால் அது கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்த தீவில் இறங்கிவிட முடியாது.

எந்தத் தீவானாலும் பணம் கட்டுவதற்கு முன் நடத்துகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். திரும்பி வரும்போது நீர் எந்தப் பக்கம் ஓடும்? காற்று மாறினால் எங்கே ஒதுங்குவோம்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை படகு? பதிலுக்கு "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார்" என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.